இஷோவா, இஷொவா? ஒரு ஜப்பானிய உடைச்சொல்லைப் பழகும் வழி

நான் ஜப்பானுக்கு வந்த இரண்டாம் வருடம், எங்கள் வார்டு கலாசார விழாவில் நம் பிள்ளைகள் நான்கு பேர் பரதம் ஆடுவதாக ஏற்பாடு. ஆட்டத்துணி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சலங்கை என்று எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். வரவேற்பு மேஜையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு மனப்பாடம் செய்த ஜப்பானிய வாக்கியத்தை அவரிடம் ஒப்பித்தேன்: "இஷொவை எங்கே வைக்கலாம்?"

அவர் முகம் மாறிவிட்டது. பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பையைப் பார்த்தார். "இஷொ... தெஸு க?" என்று தணிந்த குரலில் கேட்டார். புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பையின் ஜிப்பைத் திறந்து அரக்குச் சிவப்பு ஜரிகை விசிறியை வெளியே இழுத்துக் காட்டினேன். "ஆஆ, இஷோஓ!" என்று நீட்டி முழக்கிச் சிரித்தவர், என்னை உடை மாற்றும் அறை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

நான் கேட்க நினைத்தது, ஆட்டத்துணியை எங்கே வைக்கலாம் என்று. கேட்டது, சாகப்போகிறவர் எழுதி வைக்கும் கடிதத்தை எங்கே வைக்கலாம் என்று.

இஷோ என்றால் விழா உடை, மேடை உடை, அலங்கார ஆடை. இஷொ என்றால் மரணக் கடிதம். ஓர் உயிரெழுத்தின் நீளம்தான் வித்தியாசம். ஜப்பானிய மொழி பழக ஆரம்பித்திருப்பவர்களுக்காக இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து உடைச் சொற்களும் கூடவே வந்துவிடும்.

முதல் படி: மாத்திரையை எண்ணுங்கள்

இதில் நமக்கு ஒரு பிறவி வசதி உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஜப்பானிய மொழியும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் ஓடுகிறது. இஷொவுக்கு இரண்டு மாத்திரை: இ, ஷொ. இஷோவுக்கு மூன்று: இ, ஷோ-ஒ. கையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். மூன்று தட்டு விழுந்தால் நீங்கள் ஆட்டத்துணியைத்தான் சொல்கிறீர்கள்.

ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகனாவில் எழுதும்போது 'இ', 'ஷி', அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு 'யொ', கடைசியில் 'உ' வரும். அந்தக் கடைசி 'உ'வை உகரமாக உச்சரிக்க வேண்டாம். முந்தைய ஒகரத்தை நீட்டுவதற்காகவே அது அங்கே நிற்கிறது. நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், ஆங்கில எழுத்தில் அச்சான ஒரு கைப்புத்தகத்தை வைத்துப் படித்ததுதான். நெடிலுக்கு எழுத்தின் தலையில் போட வேண்டிய கோட்டை அதில் போட்டிருக்கவில்லை. தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இன்றுவரை என் நோட்டுப் புத்தகத்தில் ஜப்பானியச் சொற்களைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஒகரத்தையும் ஓகாரத்தையும் பார்த்துப் பார்த்து. இந்தக் கட்டுரையிலும் அப்படியே. கிமோனோ, டோக்கியோ மாதிரி தமிழில் ஏற்கெனவே ஊறிப்போனவற்றை மட்டும் விட்டுவிட்டேன். (உண்மையில் கிமோனோவில் நெடிலே கிடையாது, கிமொனொ. டோக்கியோவில் இரண்டுமே நெடில்.)

நம் எழுத்து காலை வாரிவிடும் இடமும் உண்டு. உடைக்குப் பொதுச் சொல் 'ஃபுக்கு'. ஒற்றைக் ககரம் போட்டு 'ஃபுகு' என்று எழுதினால், நம் வழக்கப்படி அதை மெலித்துப் படிப்போம், அது நச்சு மீனான ஃபுகு ஆகிவிடும். அதனால் இரட்டிப்பாக எழுதியிருக்கிறேன், வாயில் அழுத்தாமல் லேசாகச் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மீனுக்குப் பேர்போன ஷிமொனொஸெக்கி ஊரில் மீனையே ஃபுக்கு என்றுதான் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் என்ற பொருளுள்ள இன்னொரு ஃபுக்குவின் ஒலி கிடைக்கிறதாம்.

அப்புறம், கணினியில் ஐ, எஸ், எச், ஓ, யு என்று தட்டினால் ஒரு பட்டியல் விழும். அதில் உங்கள் இஷோவோடு இன்னோர் இஷோவும் இருக்கும். அது பொருட்களின் வடிவமைப்பைக் குறிப்பது. 1959இல் வந்த வடிவமைப்புரிமைச் சட்டத்தின் பெயரே இஷோஹோதான். காப்புரிமை அலுவலகம் தொடர்பான கடிதத்தில் இஷோ என்று பார்த்தால், துணிமணியைத் தேடாதீர்கள்.

இரண்டாம் படி: எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

இஷோவைக் கஞ்சியில், அதாவது சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தில், இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதல் எழுத்து 'இ', ஆறு கோடுகள். மேலே ஒரு புள்ளியும் படுக்கைக் கோடும், கீழே இரண்டு பக்கமும் விரிந்து விழும் கோடுகளும். ஒன்றின்மேல் ஒன்று மடியும் சட்டைக் கழுத்தைப் பார்த்து வரைந்த பழைய சித்திரம் அது. தனியாக வந்தால் 'கொரொமொ' என்று படிக்க வேண்டும். அங்கி என்று பொருள். எண்ணெயில் பொரிக்கும் தெம்புராவில் இறாலுக்குமேல் மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் மாவுப் பூச்சுக்கும் கொரொமொ என்றுதான் பெயர். இறாலுக்கு அங்கி போட்டுவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த எழுத்து மறந்ததே இல்லை.

இரண்டாவது எழுத்தான 'ஷோ' பன்னிரண்டு கோடுகள். பயப்பட வேண்டாம், அதன் கீழ்ப்பாதி முதல் எழுத்தேதான். மேல்பாதி ஒலியைக் காட்டுவதற்காக ஏறி உட்கார்ந்திருக்கிறது. பொருள் அலங்கரித்தல், பூணுதல், அதிலிருந்து நீண்டு பாசாங்கு செய்தல் வரைக்கும் போகிறது. ஆக இஷோ என்பது துணியும் பூணுதலும் சேர்ந்தது. 'புனைதல்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே, ஆடை புனைவதும் அதுதான், கதை புனைவதும் அதுதான். எனக்கு அந்த இரண்டாவது எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

இந்த இரண்டாவது எழுத்தில் ஒரு பொறி. பெரும்பாலான கூட்டுச்சொற்களில் அதை 'ஸோ' என்று படிப்பார்கள்: ஃபுக்குஸோ என்றால் உடுத்தியிருக்கும் விதம், ஹோஸோ என்றால் பொட்டலம் கட்டுவது, ஸோச்சி என்றால் கருவி. 'ஷோ' என்ற வாசிப்பு இஷோவிலும், பின்னால் வரப்போகும் ஷோஸொக்குவிலும் மட்டும்தான் அன்றாடம் எதிர்ப்படும். சீனத்திலிருந்து முன்னதாக வந்து தங்கிய ஒலி 'ஷோ', பின்னால் தாங் காலத் தலைநகர் வழக்கோடு வந்தது 'ஸோ'. பழைய சொல்லில் பழைய ஒலி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கபுக்கி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் அரங்க அறிவிப்புகளில் இதே இஷோவின் இரண்டாம் எழுத்து வேறாக இருப்பதைப் பார்க்கலாம். தவறு இல்லை, அதுதான் பழைய எழுத்து. பதினான்கு கோடுகள் கொண்ட அந்த எழுத்துக்கு இடுப்புக்குக் கீழே உடுத்துவது என்று பொருள். பழைய சீன வழக்கில் மேலாடை 'இ', கீழாடை 'ஷோ', இரண்டும் சேர்ந்தால் முழு உடை. வேட்டி சட்டை, பாவாடை தாவணி என்று நாம் இணைத்துச் சொல்வது போல. 1946இல் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 1850 கஞ்சிகளை அரசு பட்டியலிட்டபோது இந்த எழுத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அதே ஒலியுள்ள 'பூணுதல்' எழுத்து அதன் இடத்துக்கு வந்தது. பழைய எழுத்து முழுதாகச் செத்துவிடவும் இல்லை. 2019 அக்டோபர் 22 அன்று பேரரசர் நருஹிதொவின் அரியணை விழாவில் பேரரசி மஸகொ அடுக்கடுக்காக அணிந்திருந்தாரே, மக்கள் வாயில் 'ஜூனிஹித்தொயெ' என்று வழங்கும் உடை, அதில் இடுப்பின் பின்புறம் கட்டித் தரையில் இழுத்துவிடும் மடிப்புத் துணியின் பெயர் 'மொ'. அதை எழுதுவது இந்த எழுத்தால்தான்.

எழுதிப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த 'இ' எழுத்து இடது பக்கம் ஒதுங்கி நிற்கும்போது மெலிந்து ஐந்து கோடாகிவிடும். தெய்வ காரியங்களுக்கான இடதுபக்கக் குறி நான்கு கோடு. இரண்டுக்கும் ஒரே ஒரு சின்னக் கீற்றுதான் வித்தியாசம். 'முதல்' என்று பொருள்படும் எழுத்தில் ஐந்து கோட்டுக் குறியும் கத்தியும் சேர்ந்திருக்கும். துணியில் கத்தரி வைப்பதுதான் தையலின் தொடக்கம், அதனால் முதல். இந்தக் காரணம் தெரிந்தவர்கள் அந்தக் கீற்றை விட்டுவிட மாட்டார்கள்.

மூன்றாம் படி: யாரை எல்லோரும் பார்க்கிறார்கள்?

அகராதியில் இஷோ என்பதற்கு ஆடை, உடை என்று போட்டிருக்கும். அதை நம்பி "இன்று புது இஷோ வாங்கினேன்" என்று அலுவலகத்தில் சொன்னால், "எந்த மேடையில் ஏறப்போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். அன்றாடச் சட்டைக்கும் பேண்ட்டுக்கும் ஃபுக்கு போதும்.

நான் கையாளும் சோதனை இதுதான். அந்த இடத்தில் பார்க்கப்படுகிறவர் யார், பார்க்க வந்தவர் யார் என்று கேட்டுக்கொள்வேன். பார்க்கப்படுகிறவர் உடுத்தியிருப்பது இஷோ. கல்யாணத்தில் மணப்பெண்ணுடையது 'ஹனயொமெ இஷோ', அதாவது மணமகள் கோலம். வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற நம்முடையது எவ்வளவு விலையுயர்ந்த பட்டாக இருந்தாலும் இஷோ இல்லை, வெறும் ஃபுக்குஸோ. நாடகத்தில் நடிகருடையது 'புத்தை இஷோ', மேடை உடை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர் கோட்டும் டையும் போட்டிருந்தாலும் அது இஷோ ஆகாது.

சினிமாப் படப்பிடிப்பில் உடைகளைக் கவனிப்பவரை 'இஷோ-ஸன்' என்றே கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் 'காஸ்ட்யூமர்' என்பது போல. அகிரா குரோசாவாவின் 'ரான்' படத்துக்காக 1986இல் வாதா எமி ஆஸ்கர் வாங்கிய பிரிவின் ஜப்பானியப் பெயர் 'இஷோ டெஸைன் ஷோ'. கடைசியில் வரும் 'ஷோ'வுக்குப் பரிசு என்று பொருள். இஷோவில் உள்ள ஷோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு காஸ்ப்ளே செய்கிற பிள்ளைகளும் தாங்கள் ராப்பகலாக உட்கார்ந்து தைக்கும் உடையை இஷோ என்கிறார்கள். ஆனால் ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் திரிவதற்கு 'கஸோ' என்று தனிச்சொல். வேஷம் கட்டும் செயல் கஸோ, கட்டிய துணி இஷோ. கஸோவுக்கும் ஒரு மயானத் தொடர்பு வந்து சேர்ந்திருக்கிறது: அதே ஒலியில் பிணத்தை எரிப்பது என்று இன்னொரு சொல் இருக்கிறது. நல்லவேளை, பேச்சின் சூழல் காப்பாற்றிவிடும்.

கபுக்கியில் இஷோ என்பதே ஒரு நடிகர் மாதிரி வேலை செய்யும். 'ஹிக்கினுக்கி' என்று ஓர் உத்தி. மேலுடையைப் பெரிய தையல்களால் லேசாகக் கோத்து வைத்திருப்பார்கள். ஆட்டத்தின் நடுவே பின்னால் வந்து அமரும் உதவியாளர் நூல்களை ஒவ்வொன்றாக உருவிவிடுவார். சரியான தாளத்தில் ஒரே இழுப்பு, மேலுடை கழன்று வேறு நிறத்தில் அடுத்த உடை வெளிப்படும். அரங்கம் ஆர்ப்பரிக்கும். இந்த உடைகளுக்கெல்லாம் கபுக்கியில் இஷோ என்று பெயர். அதுவே நோ என்ற இன்னொரு மரபு நாடகத்துக்குப் போனால் இஷோ என்று சொல்லாதீர்கள், அங்கே அது 'ஷோஸொக்கு'. அரண்மனைச் சடங்கு உடை, ஷின்டோ சமயப் பூசாரியின் உடை, எல்லாமே ஷோஸொக்கு. இறந்தவருக்கு உடுத்தும் வெள்ளை உடைகூட 'ஷினி ஷோஸொக்கு'. சடங்கின் கனம் ஏறிய உடை ஷோஸொக்கு, காட்சிக்கு உரியது இஷோ என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. விலக்குகள் மூன்று.

வீட்டுப்பொருள் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு 'இஷோ கேஸு' என்று பெயர். அதில் யாரும் மணக்கோலத்தை வைப்பதில்லை, போன குளிர்காலத்து ஸ்வெட்டரைத்தான் வைக்கிறார்கள். ஜூன் முதல் தேதியும் அக்டோபர் முதல் தேதியும் பள்ளிச் சீருடைகள் பருவத்துக்கேற்ப மாறும் வழக்கம் உண்டு. 'கொரொமொகயெ' என்பார்கள். அந்த நாட்களையொட்டி இந்த டப்பாக்கள் பரணிலிருந்து இறங்கும், ஏறும். நிறைய உடை வைத்திருப்பவரை 'இஷோ மொச்சி' என்பார்கள். இந்த இரண்டிலும் இஷோவுக்கு உடை என்ற பழைய பொதுப்பொருள் அப்படியே தங்கிவிட்டது.

மூன்றாவது, 'மின்ஸொக்கு இஷோ', ஓர் இனத்தாரின் பாரம்பரிய உடை. புடவையை ஜப்பானியப் புத்தகங்கள் இந்தியாவின் மின்ஸொக்கு இஷோ என்றே எழுதும். கிமோனோவுக்கும் அதே பட்டம் உண்டு. அம்மா எங்களோடு வந்து மூன்று மாதம் தங்கியிருந்தபோது, காலையில் நூல்புடவையோடு குப்பைப் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஆசையாக, "அது மின்ஸொக்கு இஷோதானே?" என்று கேட்டார். அம்மாவுக்கு அது நைட்டிக்கு அடுத்தபடியான வீட்டு உடை. "இல்லை, ஃபுதங்கி" என்று நான் பதில் சொன்னேன். ஃபுதங்கி என்றால் தினமும் உடுத்துவது. அவர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். ஆனால் அவர் கேட்டதும் தப்பில்லை. அவர் கண்ணுக்கு அம்மா ஒரு மேடையில் நடந்துகொண்டிருந்தார்.

நான்காம் படி: அழைப்பிதழ் வந்தால்

புதிதாக வந்தவர்களுக்கு உண்மையிலேயே உதவுவது இந்தப் பகுதி. விருந்தினராகப் போகும்போது இஷோவை மறந்துவிட்டு வேறு நாலைந்து சொற்களைத் தேட வேண்டும்.

'ரேஃபுக்கு' என்றால் மரியாதை நிகழ்ச்சிகளுக்கான உடை, நடைமுறையில் கறுப்பு சூட். ஒரே கறுப்பு சூட்டைக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஆண்கள் போடுவார்கள், டை மட்டும் மாறும்: கல்யாணத்துக்கு வெள்ளை அல்லது வெள்ளி நிறம், துக்கத்துக்குக் கறுப்பு. துக்க உடைக்கு 'மொஃபுக்கு' என்று தனிப்பெயரும் இருக்கிறது. நம் பழக்கத்தில் துக்கத்துக்கு வெள்ளை உடுத்திப் போவது இயல்பு. இங்கே கூடாது, கறுப்புதான். மின்னும் நகையும் வேண்டாம். முத்து மாலை போட்டால் ஒற்றைச் சரம் மட்டுமே, ஏனென்றால் துக்கம் அடுக்கடுக்காக வரக்கூடாது.

கல்யாணத்தில் வெள்ளை மணப்பெண்ணுக்கு உரியது. பெண் விருந்தினர்கள் அதைத் தவிர்ப்பார்கள். புடவையில் போனால் மகிழ்ந்து வரவேற்பார்கள், சந்தன நிறப் பட்டையும் கேரளத்துக் கசவையும் மட்டும் அன்றைக்குப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நமக்கு அது சந்தனம், ஒளிப்படத்தில் அது வெள்ளை.

அப்புறம் 'ஹேஃபுக்கு'. ஆளைக் கவிழ்க்கிற சொல் இதுதான். "ஹேஃபுக்குவில் வாருங்கள்" என்று அழைப்பிதழில் அச்சடித்திருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் சாதாரண உடை. ஜீன்ஸும் டீ-ஷர்ட்டுமாகப் போய் நின்றால் அன்றைக்கு மண்டபத்தில் நீங்கள் மட்டும்தான் அப்படி இருப்பீர்கள். உச்சகட்ட சம்பிரதாய உடை அவசியமில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். ஆண்கள் கருநீல அல்லது சாம்பல் சூட், பெண்கள் அடக்கமான நல்ல உடை. "சும்மா சாதாரணமாக வாங்க" என்று நம் ஊர்க் கல்யாணத்தில் சொன்னால் லுங்கியோடு போய்விடுவோமா? அதே கணக்கு.

'ஸேஸோ' என்பது முறைப்படியான முழு உடை. அதே ஒலியில், எழுத்து வேறாக, பகட்டாக உடுத்துவது என்று ஒன்றும், கூட்டிப் பெருக்குவது என்று ஒன்றும் உண்டு. பள்ளியிலிருந்து குறிப்பு வந்து அதில் ஸேஸோ என்றிருந்தால் கஞ்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீருடை 'ஸேஃபுக்கு', அதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொண்டாட்ட உடைக்கு 'ஹரெகி' என்ற இனிமையான சொல் இருக்கிறது. 'ஹரெ' என்றால் திருநாள், அதற்கு எதிர்ப்பதம் 'கெ', வெறும் நாள். நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியொ ஜப்பானியக் கிராம வாழ்க்கையை விளக்க இந்த இரண்டு சொற்களையும் எடுத்தாண்டார். ஜனவரி இரண்டாம் திங்கள்கிழமை, பெரியவர்களானதைக் கொண்டாடும் விழாவுக்கு இருபது வயதுப் பெண்கள் தரை தொடும் கைத்தொங்கலோடு கூட்டங்கூட்டமாகப் போவார்களே, அந்த 'ஃபுரிஸொடெ' ஹரெகிதான். நவம்பர் 15ஐ ஒட்டி மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போகும்போது போடுவதும் ஹரெகி. ஃபுரிஸொடெ மணமாகாத பெண்களுக்கு. மணமக்களின் அம்மாக்கள் அணிவது ஐந்து குடும்ப முத்திரைகள் பொறித்த கறுப்பு 'குரொ தொமெஸொடெ'.

கிமோனோ உடுத்தும்போது ஒரே ஒரு விதி, யார் உதவியும் இல்லாவிட்டாலும் நினைவில் இருக்க வேண்டும். வலப்பக்கத் துணி உடம்போடு ஒட்டி முதலில், இடப்பக்கம் அதன்மேல். எதிரே நின்று பார்ப்பவருக்குக் கழுத்து ஆங்கிலச் சிறிய 'ஒய்' எழுத்து மாதிரி தெரிய வேண்டும். வலம் முதலில் என்று 719ஆம் ஆண்டிலேயே அரசாணை போட்டிருக்கிறார்கள். மாற்றி உடுத்தினால் அது 'ஹிதரிமயெ', பிணத்துக்கு உடுத்தும் முறை. வியாபாரம் படுத்துவிட்டதையும் ஹிதரிமயெ ஆகிவிட்டது என்றே சொல்வார்கள்.

ஐந்தாம் படி: வாடகைக் கடையில்

மேலே சொன்ன ஹரெகி, வாடகைக் கடைக்குள் நுழைந்ததும் இஷோ ஆகிவிடும். கடையின் பெயரே 'கஷி இஷோ', வாடகை உடை. காரணம் எளிது. வீட்டிலிருந்தால் அது உங்கள் திருநாள் துணி. கடையில் அது இன்று உங்களுக்கு, நாளை இன்னொருவருக்கு என்று மாறி மாறிப் போகும் அலங்காரம்.

உள்ளே போனதும் "ஒ-இஷோ வ ஒகிமரி தெஸு க?" என்று கேட்பார்கள். உடையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா என்று அர்த்தம். முன்னால் வரும் 'ஒ' மரியாதைக்கு. சாதாரணத் துணிக்கடையில் போட்டுப் பார்ப்பது 'ஷிச்சக்கு'. கல்யாண உடையை நாள் குறித்து, உட்கார்ந்து, ஒன்றொன்றாக உடுத்திப் பார்ப்பதற்கு 'இஷோ அவஸெ' என்ற பெரிய பெயர். நம் வீடுகளில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறோம் என்று ஒரு வேனே கிளம்புமே, அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அம்மாவும் சித்தியும் கூட வருவதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை 'ஷிரொமுக்கு'வில் சடங்கு, வரவேற்பில் நடுவே எழுந்துபோய் வண்ண உடைக்கு மாறி வருவது. அந்த மாற்றத்துக்கு 'ஒயிரொ நவொஷி' என்று பெயர். எத்தனை முறை மாற்றுகிறார்களோ அத்தனை வாடகை.

எண்ணும்போது 'சக்கு' சேர்க்க வேண்டும்: ஓர் உடை 'இச்சக்கு', இரண்டு 'நிச்சக்கு'. வினைச்சொல்லில் கவனம். மேலிருந்து உடம்பில் மாட்டுவது 'கிரு', இடுப்புக்குக் கீழே, செருப்பு உட்பட, 'ஹக்கு', தலையில் வைப்பது 'கபுரு'. முழு இஷோவுக்கும் சேர்த்து 'கிரு' போதும்.

கடைசிப் படி: பழமொழியைத் தெரிந்துகொள்ளுங்கள், வாயைத் திறக்காதீர்கள்

'மகொ நி மொ இஷோ' என்று ஒரு பழமொழி. குதிரையில் பாரம் ஏற்றி, அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கூலிக்காரர்தான் இங்கே மகொ. அவருக்குக்கூட இஷோ உடுத்திவிட்டால் ஆள் எடுப்பாகத் தெரிவார் என்று பொருள். உடனே நமக்கு 'ஆள் பாதி, ஆடை பாதி' நினைவுக்கு வரும். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லி ஆசிரியரிடம் சபாஷ் வாங்கினேன். ஆனால் இரண்டும் புழங்கும் இடம் வேறு. நம்முடையது நல்லா உடுத்திக்கொண்டு போ என்று தட்டிக்கொடுப்பது. அவர்களுடையதில் "ஆள் என்னவோ சுமார்தான், துணி காப்பாற்றியது" என்ற கிண்டல் ஒளிந்திருக்கிறது. முதல்முறை சூட் போட்ட தம்பியைச் சீண்டலாம். கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளலாம். மேலதிகாரியிடமோ மணப்பெண்ணிடமோ வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு "யொக்கு ஒ-நிஅய் தெஸு", உங்களுக்கு மிகவும் பொருந்தியிருக்கிறது. இது எங்கேயும் செல்லும்.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. 'மகொ' என்றால் பேரப்பிள்ளை என்றும் அர்த்தம். குதிரைக்காரர்கள் காணாமல் போய்விட்ட காலமாதலால், பேரனுக்கு எது உடுத்தினாலும் அழகு என்பதுதான் பழமொழி என்று ஜப்பானியர்களிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று விழாவில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வியர்வையும் மையுமாக இறங்கி வந்தபோது, வரவேற்பு மேஜை அம்மா அவர்களைச் சுற்றி நின்று விசிறி மடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தன் பேரன் குழந்தைகள் தினத்துக்குக் காகிதத் தலைக்கவசத்தோடு நிற்கும் படத்தைக் கைபேசியில் காட்டி, "மகொ நி மொ இஷோ" என்றார். எந்த மகொ என்று நான் கேட்கவில்லை.